டிசிபி இணைப்பின் கணக்கைக் கெர்னலிடம் கேட்பது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். லினக்ஸ் சர்வரில் ஓடும் உங்கள் நிரல் ஒரே நேரத்தில் ஐம்பதாயிரம் டிசிபி இணைப்புகளைப் (தரவைப் பாக்கெட்டுகளாக அனுப்பி, ஒப்புதல் வாங்கி, தொலைந்ததை மறுபடி அனுப்பும் நெறிமுறை) பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் பாக்கெட் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டது என்று தெரிய வேண்டும். இப்போதைக்கு, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் கோப்பகத்துக்குள் நெட் என்பதற்குக் கீழே இருக்கும் டிசிபி கோப்பைப் பத்து விநாடிக்கு ஒருமுறை படிக்கிறீர்கள். சிபியு எகிறுகிறது, தேடிய எண்ணும் அதில் இல்லை. "கெர்னலுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்தால் ஏன் ஒழுங்காகக் கொடுப்பதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியும். கொடுக்கவும் செய்கிறது. நீங்கள் வரிசையில் நிற்பதுதான் வேறு கவுண்டர்.

சாக்கெட், அதாவது இணைப்பின் இந்தப் பக்கத்து முனை, உங்கள் நிரலுடையது என்றால் ஒரே ஒரு சிஸ்டம் கால் (கெர்னலிடம் நிரல் வைக்கும் கோரிக்கை) போதும்: கெட்சாக்ஆப்ட். அதில் டிசிபி இன்ஃபோ என்ற ஆப்ஷனைக் கேளுங்கள். கெர்னல் அந்த ஒரு சாக்கெட்டை ஒரு கணம் பூட்டி, 200 சொச்சம் பைட் கொண்ட ஒரு ஸ்ட்ரக்சரை (பல புலங்கள் அடங்கிய தரவுத் தொகுப்பு) நிரப்பி உங்கள் நினைவகத்தில் நகலெடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிடும். ரூட் உரிமை வேண்டாம், தனி மாட்யூல் வேண்டாம். லினக்ஸ் 2.4 காலத்திலிருந்தே இது இருக்கிறது. பத்து வருடம் நெட்வொர்க் நிரல் எழுதியவர்களில்கூட இதை ஒருமுறையும் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ப்ராக் கோப்பு ஏன் இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வட்டில் இருக்கும் கோப்பே இல்லை. நீங்கள் படிக்கும்போதெல்லாம் கெர்னல் தன் ஹாஷ் டேபிள் (இணைப்புகளின் அட்டவணை) முழுவதையும் நடந்து, டைம் வெயிட்டில் (மூடிய பின் சிறிது நேரம் காத்திருக்கும் நிலை) கிடக்கும் இணைப்புகள் உட்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத்தாகத் தட்டித் தருகிறது. ஐபி முகவரி பதினாறடிமான எண்ணில், இன்டெல் வகை எந்திரங்களில் பைட்டுகள் தலைகீழாக இருக்கும். 80 என்ற போர்ட் 0050 என்று வரும். அதை நீங்கள் மறுபடி எண்ணாக்க வேண்டும். எந்த இணைப்பு எந்த ப்ராசஸுடையது என்று கண்டுபிடிக்க வரியில் இருக்கும் ஐநோடு எண்ணை (சாக்கெட்டின் அடையாள எண்) எடுத்துக்கொண்டு எல்லா ப்ராசஸின் எஃப்டி கோப்பகத்தையும் (அது திறந்து வைத்திருப்பவற்றின் பட்டியல்) துழாவ வேண்டும். பழைய நெட்ஸ்டாட் கட்டளை இதைத்தான் செய்துகொண்டிருந்தது. கூட்டமான சர்வரில் அதைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்பது அந்தக் காலத்து நகைச்சுவை. வரியின் கடைசியில் கன்ஜெஷன் விண்டோகூட (ஒப்புதல் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்று கெர்னல் வைக்கும் வரம்பு) இருக்கும். போய்வரும் நேரம் மட்டும் கிடையாது.

சரி, டிசிபி இன்ஃபோவுக்கு வருவோம். இதைப் படிக்கத் தொடங்குமுன் ஒன்று மனதில் பதிய வேண்டும். கடையில் அன்றாடம் கிறுக்கி வைக்கும் சிட்டை ஒன்று, ஆடிட்டருக்காக எழுதும் பேரேடு இன்னொன்று. டிசிபி இன்ஃபோவில் பெரும்பாலும் வருவது சிட்டை. பாக்கெட் போய்வரும் நேரத்தைக் கெர்னல் அளப்பது உங்கள் டாஷ்போர்டுக்காக அல்ல. ஒப்புதல் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவது என்று முடிவெடுக்க அதற்கு அந்த எண் வேண்டும். கன்ஜெஷன் விண்டோ, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பாக்கெட் எண்ணிக்கை, தொலைந்ததாகக் கருதுபவை, எல்லாமே அடுத்த பாக்கெட்டை இப்போது அனுப்பலாமா என்ற ஒரு கேள்விக்காக வைத்திருக்கும் குறிப்புகள். நாம் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இது புரிந்தால் பல குழப்பங்கள் தீரும். மறுபடி அனுப்புதல் பற்றி அந்த ஸ்ட்ரக்சரின் பழைய பகுதியிலேயே மூன்று புலங்கள் உண்டு, பெயர்கள் ஒன்றோடொன்று இடறும். ரீட்ரான்ஸ்மிட்ஸ் என்பது இப்போது தொடர்ச்சியாக எத்தனை முறை டைமர் காலாவதியாகியிருக்கிறது என்பது. எதிர்முனையிலிருந்து முன்னேற்றம் தெரிந்த உடனே சுழியமாகிவிடும். ரீட்ரான்ஸ் என்பது மறுபடி அனுப்பி, இன்னும் ஒப்புதல் வராமல் வழியில் இருக்கும் பாக்கெட்டுகள். டோட்டல் ரீட்ரான்ஸ் மட்டும்தான் இணைப்பு பிறந்ததிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. முதலாவதை எடுத்து வரைபடம் போட்டுவிட்டு "எங்கள் நெட்வொர்க்கில் இழப்பே இல்லை" என்று மகிழ்ந்த குழுவை எனக்குத் தெரியும். லாஸ்ட் என்ற புலமும் அப்படித்தான். அது இந்தக் கணத்தில் வழியில் இருப்பவற்றில் தொலைந்ததாகக் கெர்னல் ஊகிப்பது. மொத்தம் அல்ல.

போய்வரும் நேரம் மைக்ரோசெகண்டில் வருகிறது. ஆனால் அது கடைசியாக அளந்த அளவு அல்ல, வழவழப்பாக்கிய சராசரி. ஒவ்வொரு புதிய அளவும் எட்டில் ஒரு பங்குதான் அதை நகர்த்தும். அதனால் திடீர் ஏற்றம் மெதுவாகத்தான் தெரியும். இணைப்பு அரைமணி நேரம் சும்மா இருந்தால், அரைமணிக்கு முந்தைய சராசரியே அப்படியே கிடக்கும். கடைசி ஒப்புதல் வந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற புலத்தையும் சேர்த்துப் பார்த்து, பழைய சோறா புதிய சோறா என்று தெரிந்துகொள்ளுங்கள். எதிர்முனை ஒப்புதலைத் தாமதப்படுத்தினால் அந்தத் தாமதமும் இந்த நேரத்தில் கலந்துவிடும். லினக்ஸில் அந்தத் தாமதம் குறைந்தது 40 மில்லிசெகண்ட். கம்பியின் உண்மையான நீளம் வேண்டுமென்றால் மின் ஆர்டிடி என்ற புலம் நல்லது. வழக்கமான அமைப்பில் கடந்த 300 விநாடிகளில் கண்ட மிகக் குறைந்த அளவை அது தருகிறது. சராசரிக்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி வழியில் எங்கோ வரிசையில் நின்ற நேரம்.

பக்கத்திலேயே ஆர்டிஓ (மறுபடி அனுப்புமுன் காத்திருக்கும் நேரம்) என்ற புலத்தைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். போய்வரும் நேரம் 4 மில்லிசெகண்ட், ஆர்டிஓ மட்டும் 204 என்று நிற்கும். அது நோயல்ல. சராசரியோடு ஏற்ற இறக்கத்துக்கான பங்கைக் கூட்டித்தான் காத்திருக்கும் நேரம் வருகிறது. வழக்கமான அமைப்பில் அந்தப் பங்கு 200 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று: யார் அனுப்புகிறாரோ அவரிடம்தான் கணக்கு இருக்கும். உங்கள் நிரல் ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருக்கிறது, மெதுவாக வருகிறது என்று வையுங்கள். உங்கள் பக்கத்து சாக்கெட்டில் டோட்டல் ரீட்ரான்ஸ் சுழியமாகவே இருக்கும். மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பது மறுமுனை, அது உங்கள் சிட்டையில் ஏறாது. போய்வரும் நேரமும் கிட்டத்தட்ட இணைப்பு தொடங்கும் கைகுலுக்கலின்போது எடுத்ததோடு நின்றிருக்கும், ஏனென்றால் அதன்பின் நீங்கள் அனுப்பியது சொற்பம். பெறும் பக்கத்துக்கென்று தனியாக ரிசீவ் ஆர்டிடி என்ற மதிப்பீடு உண்டு, ஆனால் அது கரடுமுரடானது. 5.4 கெர்னலிலிருந்து, வரிசை மாறி வந்த பாக்கெட்டுகளை எண்ணும் புலம் ஒன்று சேர்ந்திருக்கிறது. பெறுபவருக்குக் கிடைக்கும் நல்ல துப்பு அதுதான்.

இன்னொன்று. நடுவில் லோட் பேலன்சரோ ப்ராக்ஸியோ (கோரிக்கையை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) இருந்தால் உங்கள் டிசிபி அங்கேயே முடிந்துவிடுகிறது. என்ஜின்எக்ஸ் சர்வரில் நிரல் எதுவும் எழுதாமலே போய்வரும் நேரத்தை லாகில் எழுத டிசிபி இன்ஃபோ மாறிகள் உண்டு. அதைப் போட்டுவிட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் 300 மைக்ரோசெகண்ட் என்று வருகிறதே என்று வியந்தவர்கள் உண்டு. அது வாடிக்கையாளர் அல்ல, பக்கத்து ரேக்கில் இருக்கும் பேலன்சர்.

மிகவும் பயன்படுவது எது என்று கேட்டால், 4.10 கெர்னலில், அதாவது 2017இல், வந்த மூன்று புலங்களைச் சொல்வேன். பிஸி டைம் என்பது அனுப்ப வேண்டிய தரவு கையில் இருந்த மொத்த நேரம். அதில் எதிர்முனையின் ரிசீவ் விண்டோ (அது வாங்கி வைக்கக்கூடிய இடம்) நிரம்பியதால் காத்திருந்தது எவ்வளவு, நம் பக்கத்து அனுப்பும் பஃபர் (அனுப்ப வேண்டிய தரவை வைக்கும் நினைவிடம்) போதாததால் காத்திருந்தது எவ்வளவு என்று தனித்தனியாக மற்ற இரண்டும் சொல்லும். மீதி நேரம் நெட்வொர்க்கின் மேல் போகும். ஏன் மெதுவாக இருக்கிறது என்ற கேள்விக்குக் கெர்னலே பங்கு பிரித்துக் கொடுக்கிறது. இந்தப் புலங்கள் சிட்டையில் தானாக இருந்தவை அல்ல. பார்ப்பவருக்காகவே எழுதிச் சேர்க்கப்பட்டவை.

எங்கள் குழுவின் கதையைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு இரவுதோறும் கோப்புகள் நகல் போகும். போய்வர 220 மில்லிசெகண்ட். என்ன செய்தாலும் ஓர் இணைப்பில் நொடிக்கு 2.4 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இரண்டு வாரம் இணைப்பு கொடுத்த நிறுவனத்தோடு சண்டை. அவர்கள் சோதித்து, லைன் சுத்தம் என்றார்கள். நாங்கள் நம்பவில்லை. கடைசியில் ஒருவர் டிசிபி இன்ஃபோவை எடுத்து அச்சிட்டார். மறுபடி அனுப்பியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிஸி டைமில் பெரும்பங்கு அனுப்பும் பஃபர் போதாமல் காத்திருந்தது. நிரலைத் தேடினால், எப்போதோ யாரோ செயல்திறனுக்காக என்று குறிப்பெழுதி, அனுப்பும் பஃபரை 64 கிலோபைட் என்று கையால் நிர்ணயித்திருந்தார். அப்படி நிர்ணயித்த கணமே கெர்னல் தானாகப் பஃபரை வளர்ப்பதை அந்த சாக்கெட்டுக்கு நிறுத்திவிடும். 64 கிலோபைட்டை 220 மில்லிசெகண்டால் வகுத்துப் பாருங்கள், அந்த 2.4 மெகாபிட் அச்சாக வரும். ஒரு வரியை அழித்தோம். நிறுவனத்திடம் மன்னிப்புக் கேட்டோமா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

வேகம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. டெலிவரி ரேட் என்ற புலம் 4.9 கெர்னலில், கூகுளின் பிபிஆர் கன்ஜெஷன் முறை உள்ளே வந்த அதே பதிப்பில், சேர்ந்தது. நொடிக்கு எத்தனை பைட் எதிர்முனைக்குப் போய்ச் சேர்கிறது என்று தருகிறது. ஆனால் உங்கள் நிரல் போதுமான தரவைக் கொடுக்காவிட்டால் அது நெட்வொர்க்கின் வேகம் அல்ல, உங்கள் நிரலின் வேகம். அதைச் சொல்ல ஆப் லிமிட்டெட் என்ற ஒற்றை பிட் பக்கத்தில் இருக்கிறது. அந்த பிட்டைப் பார்க்காமல் டெலிவரி ரேட்டை வரைபடமாக்குவது, தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது குழாயின் அளவைக் குறை சொல்வது போல.

அந்த ஒற்றை பிட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது சுவாரசியமானது. "ஏன் ஒழுங்காகக் கொடுப்பதில்லை" என்ற உங்கள் கேள்விக்குப் பதிலும் அதில் பாதி இருக்கிறது. இந்த ஸ்ட்ரக்சர் ஒருமுறை வெளியே போய்விட்டால் அது வாக்கு. இருபது வருடத்துக்கு முன் தொகுத்த நிரல் இன்றைய கெர்னலிலும் ஓட வேண்டும். அதனால் எந்தப் புலத்தையும் நடுவிலிருந்து எடுக்க முடியாது, இடம் மாற்ற முடியாது, கடைசியில் மட்டும் சேர்க்கலாம். பழைய வடிவம் 104 பைட். 5.4 கெர்னலில் 232 பைட், அதற்குப் பிறகும் வளர்ந்திருக்கிறது. ஆப் லிமிட்டெட் பிட்டுக்குத் தனி இடம் தராமல், தொடக்கத்தில் சீரமைப்புக்காகக் காலியாக விட்டிருந்த பைட்டுக்குள் அதை நுழைத்துவிட்டார்கள். செத்த புலங்களும் உண்டு. ஃபாக் என்ற இழப்புக் கணிப்பு முறையை 4.15இல் நீக்கியபோது, அதன் எண்ணிக்கை வந்துகொண்டிருந்த புலத்தை நீக்க முடியவில்லை. இன்றும் அங்கே சுழியம் உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக ஒப்புதல் அனுப்பிய நேரம் என்ற புலமோ பிறவியிலேயே காலி. நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, மன்னிக்கவும் என்ற பொருளில் கெர்னல் மூலநிரலிலேயே அதற்குப் பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் நிரலில் இதைக் கையாளும் முறை: நீங்கள் கொடுக்கும் அளவு, கெர்னல் அறிந்த அளவு, இரண்டில் சிறியதை மட்டும் அது நிரப்பி, நிரப்பிய நீளத்தைத் திருப்பித் தரும். அந்த நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். பழைய கெர்னலில் இல்லாத புலத்துக்கும், இருந்து சுழியமாக வந்த புலத்துக்கும் வித்தியாசம் தெரிய வேறு வழியில்லை. சி மொழியில் எழுதினால் இன்னொரு முள் உண்டு. ஜிலிப்சி என்ற சி லைப்ரரி தரும் நெட்ஐநெட் தலைப்புக் கோப்பில் இருக்கும் வடிவம் நெடுங்காலமாக அந்தப் பழைய 104 பைட்டோடு நின்றது. புதிய புலங்கள் வேண்டுமென்றால் லினக்ஸ் கோப்பகத்தில் உள்ள தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது என்று கம்பைலர் கத்தும். தனிக் கோப்பில் பிரித்து வைப்பதே நிம்மதி.

இதற்கு மாறாக, ஆடிட்டருக்கான பேரேட்டையே எழுதிவிட வேண்டும் என்று முயன்றவர்களும் உண்டு. பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டரைச் சேர்ந்த மேட் மேதிஸ் உள்ளிட்டோர் முன்னெடுத்த வெப்100 திட்டம் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. ஆராய்ச்சி நெட்வொர்க்கில் கம்பி அகலமாக இருந்தும் சாதாரண விஞ்ஞானிக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. தவறு எங்கே என்று டிசிபியே சொல்லட்டும் என்பது எண்ணம். இணைப்புக்கு இணைப்பு விரிவான கணக்கு வைக்கும் கெர்னல் ஒட்டு (பேட்ச்) ஒன்றை எழுதினார்கள். அந்த அனுபவம் 2007இல் ஆர்எஃப்சி 4898 என்ற தரமாக வெளிவந்தது. ஆனால் அந்த ஒட்டு லினக்ஸின் பிரதான மூலநிரலுக்குள் நுழையவேயில்லை.

ஏன் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். ஓர் எண்ணுக்கு 8 பைட். பத்து லட்சம் இணைப்பு வைத்திருக்கும் சர்வரில் ஓர் எண் கூடினால் 8 மெகாபைட். நூறு எண் என்றால் 800 மெகாபைட், யாரும் கேட்காதபோதும். அதைவிட, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த எண்களைத் தொட வேண்டும். சிபியு கேஷில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய, அடிக்கடி தொடும் சூடான புலங்களுக்கு நடுவே இவை புகுந்தால், கணக்கு கேட்காதவரும் சேர்ந்து விலை கொடுக்கிறார். நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்கள் கஞ்சத்தனமாக இருப்பது இதனால்தான். என் கணிப்பில் அது சரியான கஞ்சத்தனம். காலப்போக்கில் ஒவ்வொன்றாக, யாருக்கு ஏன் வேண்டும் என்ற நியாயத்தோடு, எண்கள் உள்ளே வந்தன. ஒப்புதல் பெற்ற பைட், பெற்ற பைட் ஆகிய இரண்டும் 2015இல் 4.1 கெர்னலில் எரிக் டூமாசே சேர்த்தவை. ஆர்எஃப்சி 4898இல் இருக்கும் எண்களுக்கு ஈடானவை என்று அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. பேரேடு மொத்தமாக வராமல் தவணையில் வந்து சேர்ந்தது.

விண்டோஸ் அந்தத் தரத்தை நேராகவே எடுத்துக்கொண்டது. விஸ்டா காலம் முதல் இணைப்புவாரியான விரிவான கணக்கு கேட்கும் ஃபங்ஷன் அங்கே உண்டு. ஆனால் முன்கூட்டியே நிர்வாகி உரிமையோடு அந்த இணைப்புக்குக் கணக்கெழுதச் சொல்லி இயக்கிவிட வேண்டும். விலையைக் கேட்பவர் தலையில் மட்டும் கட்டும் ஏற்பாடு. பின்னர் விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் லினக்ஸ் பாணியில் எளிய டிசிபி இன்ஃபோவும் வந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் இதே பெயரில் இருப்பதை அப்படியே நம்பி நிரலை மாற்றிவிடாதீர்கள். அங்கே கன்ஜெஷன் விண்டோ பைட்டில் வரும், லினக்ஸில் பாக்கெட் எண்ணிக்கையில் வரும்.

இதுவரை சொன்னது உங்கள் சாக்கெட்டுக்கு. நிரலைத் தொட முடியாது, வெளியிலிருந்து எல்லா இணைப்பையும் பார்க்க வேண்டும் என்றால் சாக் டயாக் என்ற நெட்லிங்க் (கெர்னலோடு செய்தி பரிமாறும் சாக்கெட்) வழி. எஸ்எஸ் என்ற கட்டளை இதைத்தான் பயன்படுத்துகிறது. டி, ஐ என்ற இரண்டு கொடிகளைச் சேர்த்தால் அதே டிசிபி இன்ஃபோ ஒவ்வோர் இணைப்புக்கும் வரும். எழுத்தாக மாற்றிப் பிரிக்கும் வேலை இல்லை, இரும வடிவிலேயே வருகிறது. எந்தப் போர்ட், எந்த நிலை என்ற வடிகட்டலைக் கெர்னலுக்குள்ளேயே செய்துவிடும், அதனால் வேண்டாத இணைப்புகளை வெளியே சுமந்து வருவதில்லை. ஆனாலும் அட்டவணையை நடக்கத்தான் வேண்டும், நொடிக்கு நொடி கேட்காதீர்கள். கண்டெய்னர்கள் இருந்தால் ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் (பிரித்து வைத்த நெட்வொர்க் சூழல்) தனி அட்டவணை. ஹோஸ்டில் நின்று கேட்டால் கண்டெய்னருக்குள் இருப்பவை தெரியாது.

எஸ்எஸ் காட்டுவதில் ஒரு விசித்திரம். புதிய இணைப்புக்காகக் காத்திருக்கும் லிசன் சாக்கெட்டில் ரிசீவ் கியூ, சென்ட் கியூ என்ற பத்திகளின் பொருளே மாறிவிடும். முதலாவது, நிரல் இன்னும் அக்செப்ட் செய்யாமல், அதாவது எடுத்துக்கொள்ளாமல், நிற்கும் இணைப்புகள். இரண்டாவது, அந்த வரிசையின் உச்ச அளவு. முதலாவது இரண்டாவதைத் தொட்டுக்கொண்டிருந்தால் உங்கள் நிரல் அக்செப்ட் செய்வதில் பின்தங்குகிறது. நெட்வொர்க்கைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

மொத்த எந்திரத்துக்கும் சேர்த்து எத்தனை மறுபடி அனுப்புதல் என்பது மட்டும் போதுமென்றால் என்ஸ்டாட் கட்டளை மலிவானது. மாறாக, எந்தக் கணத்தில் எந்த இணைப்பில் பாக்கெட் மறுபடி போனது என்ற நிகழ்வே வேண்டுமென்றால் இபிபிஎஃப், அதாவது கெர்னலுக்குள்ளேயே சின்ன நிரல்களை ஓட்டும் வசதி. மறுபடி அனுப்புதலுக்கான ட்ரேஸ்பாயின்ட் (கண்காணிக்கக் கெர்னலில் வைத்திருக்கும் புள்ளி) 4.15இலும், சாக்கெட்டின் நிலை மாற்றத்துக்கானது 4.16இலும் வந்தன. பிசிசி என்ற இபிபிஎஃப் கருவித் தொகுப்பில் டிசிபி ரீட்ரான்ஸ், டிசிபி லைஃப் என்று ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு இதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சொந்த சாக்கெட்டின் எண்ணைக் கேட்க இபிபிஎஃப் எழுதுவது, பக்கத்து வீட்டுக்குப் போக விமான டிக்கெட் எடுப்பது.

யார் கேட்டாலும் கொடுத்துவிடலாமா என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். போனில் எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத ஓர் ஆப், ப்ராக்கில் இருக்கும் பொதுவான பாக்கெட் எண்ணிக்கைகளை மட்டும் படிக்கிறது. வெளியே, இணைப்பின் வழியில் இல்லாத ஒருவர் போலிப் பாக்கெட்டுகளை அனுப்புகிறார். எண்ணிக்கை கூடுகிறதா இல்லையா என்று உள்ளே இருக்கும் ஆப் சொல்லச் சொல்ல, வேறோர் ஆப்பின் இணைப்பில் ஓடும் சீக்வென்ஸ் எண்ணை (பைட்டுகளின் வரிசை எண்) அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார். அப்புறம் அந்த இணைப்புக்குள் தரவைச் செருகலாம். வெறும் எண்ணிக்கைதானே, என்ன ஆகிவிடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆண்ட்ராய்டு 10இல் ஆப்கள் ப்ராக்கின் நெட் பகுதியைப் படிப்பதே அடைக்கப்பட்டது. தன் சாக்கெட்டைத் தானே கேட்கும் டிசிபி இன்ஃபோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்களுக்கு அதையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நடைமுறை. ஐம்பதாயிரம் இணைப்பையும் பத்து விநாடிக்கு ஒருமுறை சுற்றி வராதீர்கள். ஒரு கோரிக்கைக்குப் பதிலை எழுதி முடிக்கும் இடத்தில் நூற்றில் ஒன்றுக்கு எடுங்கள். கூடுதலாக, ஒவ்வோர் இணைப்பையும் மூடும் க்ளோஸ் அழைப்புக்குச் சற்று முன் ஒருமுறை கட்டாயம் எடுங்கள். மொத்தமாகக் கூடிவரும் எண்கள் எல்லாம் அங்கே முழுமையாக இருக்கும். எதிர்முனை முதலில் மூடிவிட்டாலும் கவலை இல்லை, உங்கள் கையில் அந்த டிஸ்கிரிப்டர் (சாக்கெட்டைக் குறிக்கும் எண்) இருக்கும்வரை கேட்கலாம். க்ளோஸ் அழைத்த பிறகு கேட்க வழியில்லை. டைம் வெயிட்டுக்குப் போன இணைப்பைக் கெர்னல் ஒரு சின்ன எச்சமாகச் சுருக்கிவிடும், கணக்கெல்லாம் அத்தோடு போய்விடும்.

யுடிபி (ஒப்புதல் கணக்கு வைக்காத எளிய நெறிமுறை) மேல் ஓடும் க்விக் நெறிமுறைக்கு மாறும் திட்டமும் இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மேலே சொன்னதில் எதுவும் அந்த இணைப்புகளுக்கு உதவாது. க்விக்கில் ஒப்புதல், இழப்பு, கன்ஜெஷன் விண்டோ எல்லாமே பொதுவாக உங்கள் நிரலோடு சேர்ந்த லைப்ரரிக்குள் நடக்கின்றன. கெர்னலுக்குத் தெரிவது யுடிபி பாக்கெட் போவதும் வருவதும் மட்டும். எஸ்எஸ் கட்டளையில் ஒற்றை யுடிபி சாக்கெட் தெரியும், அதற்குள் ஆயிரம் இணைப்பு ஓடும். கணக்கை உங்கள் லைப்ரரியிடமே கேட்க வேண்டும். பல லைப்ரரிகள் க்யூலாக் என்ற பொது வடிவில் எழுதித் தருகின்றன. லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள்: இணைப்புவாரியாகப் போய்வரும் நேரம், தொலைந்த பாக்கெட், அனுப்ப முடியாமல் காத்திருந்த நேரம் ஆகிய மூன்றையும் ஓடும்போதே கேட்க ஃபங்ஷன் இருக்கிறதா, அல்லது லாக் கோப்பை இரவில் உட்கார்ந்து பிரிக்கச் சொல்கிறதா என்று.